நிலம் பார்க்கும் முன் அடுக்களையைப் பாருங்கள்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று சென்னையின் பல பக்கங்களிலிருந்தும் நண்பர்கள் எங்கள் தோட்டத்துக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். அதில் பாதிப்பேர் கிராமத்துக்கே குடிபெயர நினைப்பவர்கள். ஆண்கள் என்னிடம் கேட்பதெல்லாம் நிலத்தைப் பற்றித்தான். ஏக்கர் என்ன விலை, கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர், பஞ்சகவ்யம் எத்தனை நாளுக்கு ஒருமுறை தெளிக்கணும். அவர்கள் வீட்டுப் பெண்கள் என் மனைவியிடம் கேட்பது வேறு. "தண்ணி உப்பா இருக்குமா?" "சிலிண்டர் வீட்டுக்கே வருமா?" "பாத்திரம் தேய்க்க ஆள் கிடைக்குமா?" "ராத்திரி உடம்புக்கு ஒண்ணுன்னா என்னம்மா பண்ணுவீங்க?"

இந்த இரண்டாவது வகைக் கேள்விகளுக்குத்தான் முதலில் பதில் தேட வேண்டும் என்பேன். குடும்பத்தோடு வந்து இரண்டு மூன்று வருடத்தில் நகரத்துக்கே திரும்பிய நாலைந்து வீடுகளை எனக்குத் தெரியும். பயிர் நஷ்டத்தால் யாரும் போகவில்லை. வீட்டு வேலை முழுவதும் ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது, அவருக்கு முடியவில்லை, போய்விட்டார்கள்.

வங்கியில் இருந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். கிசான் கிரெடிட் கார்டு வரம்பைப் போடும்போது, பயிர்ச் செலவுக்கு மேல் 10 சதவீதம் அறுவடைக்குப் பின் வரும் செலவுக்கும் குடும்பச் செலவுக்கும் சேர்க்க வேண்டும் என்பது விதி. வீடு நடந்தால்தான் வயல் நடக்கும் என்று வங்கிக்கே தெரிந்திருக்கிறது. நாம் போடும் திட்டத்தில் மட்டும் அடுக்களைக்கு இடமில்லை. ஆகவே, உத்திரமேரூர் பக்கம் எங்கள் வீட்டில் அன்றாடம் எப்படி நடக்கிறது என்பதைக் கணக்கோடு எழுதுகிறேன்.

குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர்

எங்கள் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். தென்னைக்குப் பரவாயில்லை, துவரம்பருப்பு வேகாது. இரண்டு விசில் கூடுதலாக வைத்தாலும் பருப்பு பருப்பாகவே நிற்கும். கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்க நகரத்தை விட்டு வரவேண்டியதில்லை. மழைநீர்தான் வழி.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரை என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். எங்கள் பகுதியில் ஆண்டு மழை சுமார் 1,200 மி.மீ. ஐந்தில் ஒரு பங்கு வீணாகப் போனாலும் வருடத்துக்கு 89,000 லிட்டர் கிடைக்கும். குடிக்க, சமைக்க நாளொன்றுக்கு 20 லிட்டர் என்றால் வருடத்துக்கு 7,300 லிட்டர் போதும். பெரும்பகுதி மழை ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடுவதால் 10,000 லிட்டர் தொட்டி ஒன்று கட்டினால் அடுத்த மழை வரை தாங்கும். முதல் ஒன்றிரண்டு மழையை வெளியே விட்டுவிட வேண்டும். மணல், கூழாங்கல், கரி போட்ட வடிகட்டி வழியாகத்தான் தொட்டிக்குள் போகணும். தொட்டிக்குள் வெளிச்சம் படக்கூடாது, பட்டால் பாசி பிடிக்கும். காற்றுக்குழாய் வாயில் கொசுவலை கட்ட வேண்டும்.

2003-இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். மயிலாப்பூரில் நாங்களும் கூரைத் தண்ணீரைக் கிணற்றில் விட்டோம். ஆனாலும் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது யாருக்கும் மறந்திருக்காது. நகரத்தில் மழைநீர் நிலத்தடிக்குப் போகிறது. இங்கே அது நேராகக் குடிதண்ணீராகிறது. மதுராந்தகம் அருகே 17 ஏக்கர் வறண்ட நிலத்தில் 'பாயிண்ட் ரிட்டர்ன்' தொடங்கிய சென்னைக்காரர் டி.வி. ஸ்ரீதரனும் குளம் வெட்டி மழைநீரைத் தேக்குவதில்தான் கவனம் வைத்தார்.

பாத்திரம் கழுவும் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் வாழைக்கும் கல்வாழைக்கும் போகின்றன. அதனால் பாத்திரத்துக்குச் சாம்பலும் சீயக்காய்த் தூளும், துணிக்குப் பூந்திக்கொட்டையும்தான். விருந்தாளிகள் ஷாம்பு கொண்டுவந்தால் மட்டும் என் மனைவி முகம் கொஞ்சம் மாறும்!

அடுப்பு

பட்டயக் கணக்காளரான ஜே.சி. குமரப்பா வார்தாவின் மகன்வாடியில் கிராமத் தொழில்களை வளர்த்தபோது கைக்குத்தல் அரிசி, எண்ணெய்ச் செக்கு ஆகியவற்றோடு புகை குறைந்த அடுப்பும் அங்கே ஆராய்ச்சிப் பொருளாக இருந்தது. 'மகன் சூலா' என்று அதற்குப் பெயர். பின்னாளில் அவர் வந்து தங்கியது மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதனில். நிலைத்த பொருளாதாரம் பேசிய மனிதர் அடுப்புப் புகையையும் கணக்கில் எடுத்தார். விறகடுப்புச் சமையல் ருசி என்று நாம் பேசலாம். மூன்று வேளையும் அந்தப் புகையில் நிற்பவர்தான் அதைச் சொல்லணும்.

சாண எரிவாயு நல்ல தீர்வுதான், ஆனால் மாட்டை எண்ணிவிட்டுக் கலன் கட்டுங்கள். ஒரு கன மீட்டர் கலனுக்குத் தினமும் 25 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். நாட்டு மாடு ஒன்று நாளுக்குப் பத்து கிலோ அளவில் போடும். மேய்ச்சலுக்குப் போனால் பாதி காட்டிலேயே போய்விடும். எங்களிடம் மாடு மூன்று, கலன் ஒரு கன மீட்டர். காலைச் சமையலும் பால் காய்ச்சுவதும் அதில் ஆகிவிடும். மார்கழிக் குளிரில் வாயு குறையும், அப்போது சிலிண்டர். சிலிண்டரை விட்டுவிடக்கூடாது என்பது ஊருக்கு வரும் முன்பே என் மனைவி போட்ட நிபந்தனை. கலனிலிருந்து வெளிவரும் சாணக்கரைசல் நேராகக் காய்கறிப் பாத்திக்குப் போகிறது.

நம் நெல், நம் எண்ணெய்

எங்கள் இருவருக்கும் வந்துபோகிறவர்களுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 600 கிராம் அரிசி. வருடத்துக்கு 220 கிலோ. உமி மட்டும் நீக்கினால் நூறு கிலோ நெல்லில் 70 முதல் 75 கிலோ அரிசி வரும். ஆக, 75 கிலோ மூட்டை நான்கு இருந்தால் வருடம் ஓடிவிடும். பாரம்பரிய நெல்லில் ஏக்கருக்கு 15 மூட்டை என்று வைத்தால் முப்பது சென்ட் போதும். கூடுதல் தூயமல்லியும் கிச்சலிச் சம்பாவும் அடையாறு, கொட்டிவாக்கம் பக்கமுள்ள இயற்கை அங்காடிகளுக்கும் பழைய அண்டை வீட்டாருக்கும் போகின்றன.

அடுக்களையில் நாங்கள் பழகிய சில விஷயங்கள்: உமி நீக்கிய அரிசியில் தவிடு இருப்பதால் அதிலுள்ள எண்ணெய் சீக்கிரம் காறும். ஆகவே நெல்லாகவே சேமித்து, மாதத்துக்கு ஒருமுறை அரைத்துக்கொள்கிறோம். நொச்சித் தழையும் வேப்பிலையும் மூட்டைகளுக்கு நடுவில். சமைக்கும் முன் முந்தின இரவே அரிசியை ஊறவைக்க வேண்டும். புது நெல் குழையும், ஆறு மாதம் போனால் சோறு நன்றாக வரும். பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் என் மனைவி அரிசி களைவதைப் பார்த்துவிட்டு, "யக்கா, நாலு தண்ணி எதுக்கு? ரெண்டாவது தண்ணிய மாட்டுக்கு ஊத்து, சத்தெல்லாம் அதுலதான் கீது" என்றாள். அன்றிலிருந்து கழுநீர்த் தொட்டி அடுக்களை வாசலுக்கே வந்துவிட்டது.

எண்ணெய்க்கும் இதே மாதிரி கணக்கு. மரச்செக்கில் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்புக்கு ஒரு லிட்டர் என்ற அளவில் கிடைக்கும். மாதம் இரண்டு லிட்டர் என்றால் வருடத்துக்கு 60 கிலோ பருப்பு. பிண்ணாக்கு மாட்டுக்கு.

யார் எந்த வேலை

இதுதான் மெயின் விஷயம். தாமே விளைவித்து, தாமே பதப்படுத்தி உண்பது என்றால் கடையில் முடிந்துபோகும் வேலையெல்லாம் வீட்டுக்குள் வருகிறது. புடைப்பது, ஊறவைப்பது, உடைப்பது, காயவைப்பது, வடாம், ஊறுகாய், மோர் கடைவது. அளவு கூடும், ஆள் கூடாது. மயிலாப்பூரில் வேலைக்கு ஓர் அம்மா வருவார். இங்கே எல்லாரும் அவரவர் வயலில் இருக்கிறார்கள்.

வருவதற்கு முன் என் மனைவி ஒரு பக்கம் முழுக்க வேலைகளை எழுதி, எதிரே பெயர் போடச் சொன்னார். பால் கறப்பது, சாணம் கரைப்பது, மாவு அரைப்பது, இரவுப் பாத்திரம், நெல் மில்லுக்குப் போவது, வாரத்துக்கு மூன்று இரவுச் சமையல் என் பெயரில் இருக்கின்றன. காலைச் சமையல், விதைச் சேமிப்பு, காய்கறித் தோட்டம், விற்பனைக் கணக்கு அவருடையது. நான் வங்கிக்காரன் என்றாலும் கணக்கு அவரிடம்தான், நான் தணிக்கை மட்டும். அறுவடை வாரத்தில் வீட்டில் ஒரு குழம்பு, ஒரு மோர், அவ்வளவுதான். பிள்ளைகள் வந்தாலும் அந்த வாரம் அதே சாப்பாடு.

இன்னொரு நிபந்தனை, மாதத்தில் நான்கு நாள் அவர் மயிலாப்பூரில் இருப்பார். அம்மாவுக்கு 86 வயது, தம்பி வீட்டில் இருக்கிறார். பங்குனியில் அறுபத்து மூவர் உற்சவத்துக்கு மாட வீதியில் நின்றே ஆகவேண்டும். பேருந்து இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுவதால் பயணம் சற்று நீண்டுவிட்டது, ஆனாலும் நிற்கவில்லை. "வேர் ஒண்ணு அங்கேயும் இருக்கட்டுங்க, அதைப் பிடுங்கிட்டு வரச்சொன்னா நான் இங்கே ஊன்ற மாட்டேன்" என்றார். அந்த நான்கு நாளும் மாடும் அடுப்பும் நான்தான்.

இரவுக் கேள்விக்கும் பதில் வேண்டுமே. பாம்புக்கடிக்கு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது, ஓட்டத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் யார், 108-க்கு நம் வீட்டின் அடையாளத்தை எப்படிச் சொல்வது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். இரவில் டார்ச் இல்லாமல் வாசலில் இறங்குவதில்லை. விறகைச் சுவரோரம் அடுக்குவதில்லை.

வர நினைப்பவர்களுக்கு

பத்திரப் பதிவுக்கு முன் அதே ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். சித்திரையில் பத்து நாள், ஐப்பசி அடைமழையில் பத்து நாள் குடும்பத்தோடு சமைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகிறதா, ஈர விறகு எரிகிறதா, கரண்ட் எத்தனை மணி நேரம் போகிறது என்பது தெரிந்துவிடும். வேலைப் பட்டியலை இருவரும் சேர்ந்து எழுதுங்கள். வீட்டில் இருப்பவர் அதைப் பார்த்து 'வேண்டாம்' என்றால் அந்த வருடம் நிலம் வாங்காதீர்கள். மாடித்தோட்டமும், நேரடியாக ஓர் உழவரிடம் வருட நெல் வாங்குவதும்கூட நம் இயக்கத்துக்குச் செய்யும் வேலைதான்.

'சரி' என்றால், முதலில் மழைநீர்த் தொட்டி, அடுத்து வீட்டோடு சேர்ந்த கழிப்பறை, அடுத்து அடுப்பு, அதற்குப் பிறகு மாடு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். வயலில் ஒரு போகம் போனால் அடுத்த போகத்தில் எடுத்துவிடலாம். வீட்டில் ஒருவர் சோர்ந்துபோனால் அப்படி எடுக்க முடியாது.