ஜுரு முகத்துவாரத்து மரங்கள் யாருக்குச் சொந்தம்?

பினாங்கின் ஜுரு என்றதும் நம்மில் பலருக்கு நெடுஞ்சாலையின் டோல் சாவடிதான் நினைவுக்கு வரும். அந்த நெடுஞ்சாலைக்கு மேற்கே, ஜுரு ஆறு கடலில் கலக்கும் இடத்தில், கோலா ஜுரு என்ற மீனவக் கிராமம் இருக்கிறது. 1970களில் பிறை தொழிற்பேட்டையின் கழிவு ஆற்றில் இறங்கியது. மீன் குறைந்தது, கெராங் சிப்பி செத்தது. நியாயம் கேட்ட மீனவர்களோடு பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தோள்கொடுத்து நின்றது.

மீனும் கெராங்கும் பெருகுவதற்குச் சேற்றில் கால் ஊன்றி நிற்கும் பாக்காவ் மரங்கள் வேண்டும். ஆற்றுநீருக்குக் காவல் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம். அது மத்திய அரசின் கையில். மரமும் மண்ணும் மாநிலத்தின் கையில். அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை நிலத்தையும் காட்டையும் மாநிலங்களுக்குக் கொடுத்திருக்கிறது. ஒரே சேற்றுக்கு இரண்டு அதிகாரங்கள், நடுவில் மீனவர்.

1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் மரத் திருட்டைக் கடுமையாகப் பார்க்கிறது. நிரந்தரக் காப்புக் காட்டிலோ அரசு நிலத்திலோ உள்ள வனப்பொருள் அனைத்தும் மாநில அரசின் சொத்து. உரிமமின்றி வெட்டினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை என்று 1993இல் தண்டனை உயர்ந்தது. அதற்கு முன் அபராதத்தின் உச்சம் 10,000 ரிங்கிட்.

ஆனால் காடு அழிவது கோடரியால் மட்டுமல்ல, கையெழுத்தாலும்தான். அதே சட்டத்தின் 11ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒரு காப்புக் காடு அது ஒதுக்கப்பட்ட நோக்கத்துக்கு இனித் தேவையில்லை, அந்த நிலத்துக்கு இதைவிடக் கூடுதலான பொருளாதாரப் பயன் உண்டு என்று மாநில அரசு கருதினால், அதைக் காப்பிலிருந்து நீக்கிவிடலாம். சட்டத்தின் மூல வடிவில் ஈடாக வேறு காடு ஒதுக்குவதும் இயன்றால் மட்டுமே. காப்புக் காடாக அறிவிக்கப்படாத அரசு நிலத்துக் காட்டுக்கு இந்தத் தடைகூடக் கிடையாது. நிலச் சட்டப்படி அது கைமாறினால் மரங்களின் கதை முடிந்தது. திருடனுக்கு 20 ஆண்டு, திட்டத்துக்குத் திறந்த கதவு! இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

2022இல் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தியது. காப்புக் காட்டை நீக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்பது திருத்தத்தின் உயிர்நாடி. ஆனால் ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் ஏற்றுக்கொண்டால்தான் அந்தந்த மாநிலத்தில் அது செல்லும். அப்படியே ஏற்றாலும், காப்புக் காடாக அறிவிக்கப்படாத முகத்துவாரத்துக்கு அந்த விசாரணை எட்டாது.

பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தார் 1997 முதல் பாக்காவ் கன்றுகளை நட்டு வருகிறார்கள். இடுப்பளவு சேற்றில் இறங்கி நட்ட அந்த மரங்களில் ஒன்றுகூடச் சட்டப்படி அவர்களுக்குச் சொந்தமில்லை.

ஜுருவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் வாசகர்களே, உங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: நம் ஆற்று முகத்துவாரத்துப் பாக்காவ் காடு நிரந்தரக் காப்புக் காடா, வெறும் அரசு நிலமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.