“பரவால்ல கண்ணு” என்றால் என்ன பொருள்?

“உங்கள் பலம் என்ன?” வேலை நேர்காணலில் இந்தக் கேள்விக்குத் தடுமாறாதவர் யார்? பொறுமை, கடின உழைப்பு, குழுவாகச் செயல்படும் திறன் என்று எல்லாரும் ஒப்பிக்கும் பட்டியல்தான் வாயில் வரும்.

சிங்கப்பூர்ப் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் தாதிமை மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண்ணும் அப்படித்தான் எழுதினார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வார்டுப் பயிற்சி முடிந்ததும் தன்னைப் பற்றி ஒரு சிந்தனைக் குறிப்பு எழுத வேண்டும். இவர் எழுதிய ‘கருணை, பொறுமை’க்குப் பக்கத்தில் ஆசிரியர் கேட்ட கேள்வி: “எந்த நாள்? எந்த நோயாளி?”

யோசித்தபோது நினைவுக்கு வந்தவர் ஒரு பாட்டி. இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வலியை 0 முதல் 10 வரை எண்ணால் சொல்லச் சொன்னால், பாட்டியிடமிருந்து எண் வராது. “பரவால்ல கண்ணு” என்பார். நம் வீட்டுப் பெரியவர்களை அறிந்தவர்களுக்குத் தெரியும், அந்தப் ‘பரவால்ல’வுக்குள் 2-உம் இருக்கலாம், 9-உம் இருக்கலாம்.

இவர் எண்ணை விட்டுவிட்டார். “எப்படி இருக்கு பாட்டி? குத்துதா, குடையுதா, எரியுதா?” என்று கேட்டார். “இடுப்பு ஒண்ணுமில்லம்மா. கெண்டைக்கால்தான் காலையிலேருந்து இழுத்துப் புடிக்குது.” போர்வையை விலக்கினால், ஒரு கால் மற்றதைவிட வீங்கியிருந்தது. உடனே மூத்த தாதியிடம் ஓடினார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஸ்கேனில் இரத்தக்கட்டி தெரிந்தது. அன்றே சிகிச்சை தொடங்கியது.

குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுகடுப்பு, சுருக்கென்று இழுப்பது... வலிக்குத் தமிழில் எத்தனை சொற்கள்! வானொலியில் நாங்கள் பெரும்பாலும் ‘வலி’ என்ற ஒரே சொல்லோடு முடித்துக்கொள்கிறோம்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. தமிழ் தெரிந்தவர் என்பதால் வார்டில் எந்த மூலையிலிருந்தும் மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள், தன் வேலை பின்தங்கும். “இப்ப முடியாது, பத்து நிமிஷத்துல வர்றேன்னு சொல்லக் கத்துக்கிட்டேன்” என்கிறார். மருந்தளவுக் கணக்கு அவருக்குக் கொஞ்சம் பயம். அதனால் மூன்று முறை சரிபார்ப்பாராம். என்னைக் கேட்டால், அந்தப் பயம் இருக்கட்டும்!

முதலில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேரத்தான் ஆசை. இப்போது முதியோர் பராமரிப்பு. பதிவுபெற்ற தாதியாகச் சில ஆண்டு வேலை, பிறகு முதுநிலைப் படிப்பு, அதன்பின் ‘அட்வான்ஸ்ட் பிராக்டிஸ் நர்ஸ்’. நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சையைத் திட்டமிடுவதில் மருத்துவருடன் இணைந்து இயங்கும் பொறுப்பு அது. சாதாரண நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தும் தாதிமையா என்று அப்பா ஒரு மாதம் முகம்கொடுத்துப் பேசவில்லையாம். மகள் சொல்லும் இந்தப் படிக்கட்டு அப்போது அவருக்குத் தெரியாது. தெரிந்த பெற்றோர் இன்றும் குறைவுதான்.

இரவு வேலையைப் பற்றி அம்மா இன்னும் முணுமுணுக்கிறார். அப்பாவோ இப்போதெல்லாம் சாப்பாட்டு மேசையில் காலை நீட்டி, “முட்டியில இது குடைச்சலா, உளைச்சலா, பார்த்துச் சொல்லு” என்கிறாராம்.