மின்னஞ்சல் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறை

பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து ஒன்றிய அலுவலகத்திற்குச் செல்லும் மதிப்பீடும், கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயி வெளியூர் வியாபாரிக்கு எழுதும் விலை விவரமும் இன்று மின்னஞ்சல் வழியே செல்வதைக் காண்கிறோம். போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்பனையே மின்னணு ஏலமாக நடைபெறுகின்றது. ஆயினும், கணினி பழுதுற்றால் அதிலுள்ள கடிதங்கள் என்னவாகும் என்பதை நம்மில் பலர் முன்கூட்டி எண்ணிப் பார்ப்பதில்லை. கடிதம் தொலைந்தால் கணக்கிற்கு ஆதாரமும் தொலைந்ததாகும்.

முதலாவதாக, நமது கணினியின் இயங்குதளம் யாது என்பதை அறிதல் வேண்டும். அலுவலகக் கணினியில் விண்டோஸ் இருக்கலாம். 2011 முதல் மாணவர்களுக்கு அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்சும் இருந்தது. ஆகவே ஒரே இல்லத்தில் இரு தளங்களும் இருத்தல் கூடும்.

ஒரு தளத்திற்கு மட்டும் உரிய மென்பொருளை நம்பியிருத்தல் நன்றன்று. விண்டோசுடன் வந்த 'மெயில்' என்னும் செயலிக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31-ஆம் நாளுடன் நிறுத்தப்பட்டது. 'தண்டர்பேர்டு' என்பதோ விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்குவது; விலையின்றிக் கிடைப்பது. 2024 முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் வந்துள்ளது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தமையால், பழைய கணினியில் லினக்ஸை நிறுவுவோருக்கும் இது பயன்படும்.

அடுத்துக் கவனிக்கத்தக்கது கடிதங்களைப் பெறும் முறை. 'பாப்' முறை, கண்மாய் நீரைக் குடத்தில் மொண்டு வீட்டிற்குக் கொணர்வதை ஒக்கும். குடம் உடைந்தால் நீரும் போயிற்று. 'ஐமேப்' முறையில் கடிதங்கள் கண்மாய் நீரைப்போல் வழங்கியிலேயே தங்கும். எந்த மடையைத் திறப்பினும் வரும். பலர் கையாளும் அலுவலகத்திற்கு இதுவே ஏற்றது. எனினும் ஓரிடத்தில் அழித்த கடிதம் எல்லா இடத்திலும் அழியுமாதலால், ஆண்டுதோறும் தனிப் பிரதி எடுத்து வைத்தல் அவசியம்.

பஞ்சாயத்துக் கடிதங்களைத் தனி மனிதரின் முகவரியில் பெறாமல், அலுவலக முகவரியிலேயே பெறுவோமாக. பொறுப்பில் உள்ளோர் மாறலாம், கணினியும் மாறலாம், ஊரின் ஆவணம் மட்டும் ஊருக்கே உரியதாக நிலைத்தல் வேண்டும்.