பழுது பார்க்கும் கைகள் - 9: முள் ஏறாவிட்டால் ஆள் இறங்குவான்

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பின்தெருவில் ஒரு பட்டறை. காலை ஏழு மணி. வாசலில் பழைய கழிவுநீர் லாரி ஒன்று உறுமிக்கொண்டு நிற்கிறது. மெக்கானிக் வேக்கம் பம்பை ஓடவிட்டு, தொட்டியின் பக்கவாட்டில் இருக்கும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முள் மெல்ல ஏறி, 250-ல் வந்து நின்றுவிட்டது.

"எங்கியோ காத்து இழுக்குது" என்றார்.

"பத்து மணிக்கு அயப்பாக்கத்துல லோடு இருக்குண்ணே" என்றார் டிரைவர்.

"முள்ளு ஐந்நூறு தொடாம வண்டி இந்த வாசலத் தாண்டாது தம்பி."

சென்ற வாரம் பாடியில் லேத் பட்டறைகளைப் பார்த்தோம். இந்த வாரம், எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போகும் ஒரு வண்டியின் அருகே நிற்கப்போகிறோம். சென்னையின் மேற்குப் புறநகரில் இதைவிட அவசியமான வண்டி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் தொடங்கியது. 1965-ல் 'விஜயந்தா' பீரங்கி வண்டி அங்கிருந்து வெளியே வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் உருவானது. வேலை வந்தது, வேலையைத் தேடி மக்கள் வந்தார்கள், ஏரிக்கரை வரை வீடுகள் எழுந்தன. பாதாளச் சாக்கடை மட்டும் அந்த வேகத்தில் வரவில்லை. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது; ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியானது. ஆனாலும் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை எத்தனையோ வீடுகளில் இன்றைக்கும் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் செப்டிக் டேங்க்தான். அது நிறைந்தால் லாரிக்குத்தான் போன் போடுகிறோம்.

இந்த லாரி வேலை செய்யும் விதம் எளியது. பம்ப் கழிவை நேராக இழுப்பதில்லை. லாரித் தொட்டிக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது. உள்ளே காற்று குறைந்ததும், வெளியே நம்மைச் சுற்றியிருக்கும் காற்று கழிவை அழுத்திக் குழாய் வழியே மேலே ஏற்றுகிறது. முழு வெற்றிடம் கிடைத்தால்கூட நீரை 10.3 மீட்டருக்கு மேல் ஏற்ற முடியாது. மீட்டரில் 500 மில்லிமீட்டர் (பாதரச அளவு) காட்டினால் சுமார் 6.8 மீட்டர். 250 என்றால் வெறும் 3.4 மீட்டர்.

இனி வீட்டு டேங்க்கை நினைத்துப் பாருங்கள். ஆழம் இரண்டரை மீட்டர் இருக்கலாம். தரையிலிருந்து லாரித் தொட்டியின் உயரம் தனி. நீளமான குழாயின் உராய்வு வேறு. 250-ல் நிற்கும் லாரி மேலே இருக்கும் தண்ணீரை மட்டும் உறிஞ்சும். அடியில் இறுகிய வண்டல் அப்படியே கிடக்கும். அப்போதுதான் அந்த வாசகம் வருகிறது: "அடியில கொஞ்சம்தாம்ப்பா இருக்கு, இறங்கி அள்ளிடேன்."

பட்டறையில் அந்தக் 'காத்து' எங்கே நுழைகிறது என்று தேடும் வேலை தொடங்கியது. பம்பின் அருகே இருக்கும் கைப்பிடியைத் திருப்பினால் காற்று எதிர்த்திசையில் ஓடும். தொட்டிக்குள் இழுப்புக்குப் பதில் அழுத்தம் ஏறும். அளவோடு அழுத்தம் ஏற்றிவிட்டு, பக்கெட்டில் சோப்புத் தண்ணீரைக் கலக்கி, பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவினார். குழாய் கிளாம்ப் சுத்தம். பின்பக்க வால்வில் சின்னச் சின்ன நுரை. மேலே ஏறி மேன்ஹோல் மூடியைச் சுற்றித் தடவியதும், ஓர் இடத்தில் நுரை பூரி போல உப்பி வெடித்தது. மூடியைத் திறந்து ரப்பர் கேஸ்கட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கருவாடு போல விறைத்திருந்தது. மடக்கியதும் விரிசல் விட்டுப் பிளந்தது.

புது ரப்பர் போட்டார். வால்வின் சீட்டையும் மாற்றினார். கழிவு பம்புக்குள் போகாமல் தடுக்கும் மிதவைப் பந்தைக் கழற்றி, ஒட்டியிருந்த முடியையும் துணி நாரையும் நீக்கிக் கழுவி மாட்டினார். மறுபடி பம்ப் ஓடியது. 300, 400, 480, 510. டிரைவர் முகத்தில் சிரிப்பு.

ஆனால் மேல்தகட்டில் துருவேறி மெலிந்த ஓர் இடத்துக்கு வெல்டிங் வேண்டியிருந்தது. இந்தத் தொட்டிகள் அடியைவிட உச்சியில்தான் அதிகம் அரிக்கும். கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மேலே ஈரத்தகட்டில் படிய, அங்கே வாழும் நுண்ணுயிரிகள் அதைக் கந்தக அமிலமாக்கிவிடுகின்றன. அதே வாயுதான் ஆளையும் கொல்கிறது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'வாடை போயிடுச்சு' என்று நம்பி இறங்குபவர் திரும்புவதில்லை. மீத்தேன் தங்கியிருந்தால் வெல்டிங் பொறியே வெடிக்கப் போதும். லாரித் தொட்டியும் ஒரு செப்டிக் டேங்க்தான். அதனால் அவர் தொட்டியைக் கழுவி, தண்ணீர் நிரப்பி வாயுவை வெளியேற்றிய பிறகு, வெளிப்பக்கமாகவே தகடு வைத்துப் பற்றவைத்தார். உள்ளே தலையைக்கூட நுழைக்கவில்லை.

செப்டிக் டேங்க்கில் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. இவ்வளவுக்குப் பிறகும் சாவுச் செய்தி நிற்கவில்லை; அதில் தமிழ்நாட்டின் பெயர் முன்வரிசையில் இருப்பது நமக்குப் பெருத்த அவமானம்.

சட்டம் தடுக்க வேண்டியதை, அந்தக் காலையில் ஒரு ரப்பர் வளையம் தடுத்தது. நல்ல கேஸ்கட் உள்ள லாரி வந்தால் யாரும் யாரையும் இறங்கச் சொல்லத் தேவையில்லை. பழுது பார்க்கும் அந்தக் கைகள் காப்பது உயிரை.

உங்கள் வீட்டு டேங்க் நிறைந்தால், உரிமம் பெற்ற லாரியையே கூப்பிடுங்கள். 14420 என்ற எண் அதற்காகவே இருக்கிறது. வண்டி வந்ததும் மீட்டர் முள்ளைப் பாருங்கள். ஏறவில்லை என்றால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். வேறு வண்டி வரட்டும். அடியில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும், "இறங்கி அள்ளு" என்ற சொல் மட்டும் உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம்.

(தொடரும்)