காயாத தரைக்குக் கவசம் போடாதீர்கள்

தீபாவளிக்கு முன்னால் வீட்டைப் புதுப்பிப்பது நம் வழக்கம். பெயிண்ட் அடிப்போம், கேட்டை மாற்றுவோம், கையில் வசதி இருந்தால் வாசலில் வெடித்துக் கிடக்கும் பழைய தரையை உடைத்தெடுத்துவிட்டுக் கார் போர்ச்சுக்குப் புதிதாகக் கான்கிரீட் ஊற்றுவோம். செர்டாங் ராயாவிலிருந்து புஞ்சாக் ஜாலில் வரை, சிலாங்கூர் ஸ்ரீ கெம்பாங்கானின் தாமான் வீடுகளில் இதுதான் நடைமுறை. ஆனால் வேலை தாமதமாகவே தொடங்கும். பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது கான்கிரீட் ஊற்றி, கடைசி வாரத்தில் பளபளப்புக்காக அதன்மேல் சீலர் பூசினால், உறவினர்கள் வருவதற்குள் தரை திட்டுத்திட்டாகப் பால் நிறத்தில் வெளுத்துவிடும். குத்தகையாளர் சீலரைக் குறை சொல்வார், கடைக்காரர் குத்தகையாளரைக் குறை சொல்வார். பெரும்பாலும் குறை இரண்டிலும் இல்லை, நாட்காட்டியில்தான் இருக்கிறது.

சீலர் பூசுவது அரை நாள் வேலை. அது நிற்குமா உரியுமா என்பதை முடிவு செய்வது அதற்கு முந்தைய ஒரு மாதம். ஆகவே அந்த மாதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

எப்போது ஊற்றுவது? தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம், மழை ஒப்பளவில் குறைவு. அக்டோபர், நவம்பர் மாதங்களில் பருவக்காற்று மாறும், பிற்பகல் தவறினாலும் மாலை இடிமழை தவறாது. தீபாவளியும் அந்த மாதங்களில்தான் வருகிறது. 2026-இல் பண்டிகை நவம்பர் 8. ஜூலைக் கடைசியில் கான்கிரீட் ஊற்றினால் செப்டம்பர் முதல் வாரத்தில் நிதானமாக சீலர் பூசலாம். செப்டம்பர் கடைசியில் ஊற்றியவர் அந்த ஆண்டு சீலரை மறந்துவிடுவது நல்லது. சீலர் இல்லாத புதிய தரை ஒரு தீபாவளியைத் தாங்கும். அவசரமாகப் பூசிய சீலரைச் சுரண்டி எடுப்பதுதான் பெரும்பாடு.

ஊற்றும் நாளில் ஒன்றே ஒன்றைக் கண்காணியுங்கள். கலவை கெட்டியாக இருக்கிறது, தள்ளக் கஷ்டமாக இருக்கிறது என்று லாரியிலிருந்து இறங்கும் கான்கிரீட்டில் தண்ணீர் சேர்க்க விடாதீர்கள். சிமெண்டுக்குத் தேவைக்கு மேல் ஊற்றிய தண்ணீர் பின்னர் ஆவியாகிப் போய் நுண்துளைகளை விட்டுச் செல்லும். மேல்பரப்பில் வலுவில்லாத சிமெண்ட் பால் படியும். காலால் தேய்த்தாலே தூள் கிளம்பும் தரைக்கு எந்த சீலரும் மருந்தாகாது.

அடுத்து, ஈரத்தில் பதப்படுத்துதல். கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்து நடத்தும் வேதிவினையால் இறுகுகிறது. முதல் 7 நாளும் அது ஈரமாக இருக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில்தான் ஈரப்பதம் இருக்கிறதே என்று சும்மா விட்டுவிடக் கூடாது. மதிய வெயில் நேராக விழும் தரையின் மேல்தோல் சில மணி நேரத்தில் உலர்ந்து மயிரிழை வெடிப்புகள் விடும். பழைய மேஸ்திரிகள் சுற்றிலும் மணல் வரப்புக் கட்டித் தண்ணீரைத் தேக்கி வைப்பார்கள். கான்கிரீட்டுக்கு அது நல்லதுதான், சிலாங்கூருக்கு நல்லதல்ல. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர நம் வெப்பத்தில் ஏறக்குறைய 7 முதல் 10 நாள் போதும். ஒரு வாரம் தேக்கி வைத்த தண்ணீர் அதற்குச் சரியான தொட்டில். டிங்கி சம்பவங்கள் மிகுதியாகப் பதிவாகும் மாநிலத்தில் இருக்கிறோம். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டு வளாகத்தில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால், நீதிமன்றத்துக்குப் போகாமலேயே 500 ரிங்கிட் வரை கம்பவுண்டு அபராதம் விதிக்கலாம். பக்கத்து வீட்டுக் குழந்தையின் காய்ச்சலோடு ஒப்பிட்டால் அந்த 500 ரிங்கிட் பெரிதே அல்ல.

எனவே கோணிச்சாக்குகளை நனைத்துத் தரை முழுதும் விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி, ஓரங்களில் செங்கல் வையுங்கள். காலையும் மாலையும் சாக்கை நனைத்தால் போதும். விரிப்பின் மடிப்புகளில் மழைநீர் தேங்காமல் தள்ளிவிடுங்கள். ஊற்றுவதற்கு முன்பே தண்ணீர்த் தடை அறிவிப்பு ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்து, இரண்டு பெரிய தோம்பு நிரப்பி மூடி வைத்துக்கொள்வதும் புத்திசாலித்தனம்.

பதப்படுத்தப் பூசும் திரவங்களும் உண்டு. சாக்குக்கு மாற்றாகக் குத்தகையாளர் அப்படி ஒன்றைத் தெளித்திருந்தால் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மெல்லிய படலம் தரையில் எஞ்சியிருந்தால் பின்னால் பூசும் சீலர் உள்ளே இறங்காது. முதலில் அதை நீக்கியாக வேண்டும்.

பிறகு காத்திருப்பு. ஊற்றிய நாளிலிருந்து 28 நாள் என்பது உலகெங்கும் கான்கிரீட்டின் வலிமையை அளக்கும் நாள். சீலர் பூசவும் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அந்தக் கணக்கையே சொல்கிறார்கள். இங்கே ஒரு திருத்தம் தேவை. 28 நாளும் மழையில் நனைந்த தரை, 28 நாள் ஆன தரைதானே தவிர உலர்ந்த தரை அல்ல. கடைசி மழைக்குப் பிறகு குறைந்தது இரண்டு முழு வெயில் நாள் கழியட்டும்.

இந்த இடைவெளியில் இணைப்புக் கோடுகளைக் கவனியுங்கள். 4 அங்குலத் தரையில் இரண்டரை முதல் மூன்று மீட்டருக்கு ஒரு வெட்டு, தடிமனில் கால்பங்கு ஆழத்துக்கு, ஊற்றிய மறுநாளுக்குள் போட்டிருக்க வேண்டும். சுருங்கும் கான்கிரீட் எங்காவது வெடித்தே தீரும். நாம் வெட்டிய கோட்டுக்குள் அது வெடித்தால் கண்ணுக்குத் தெரியாது. ஸ்ரீ கெம்பாங்கானில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலாயா அவசரகாலத்தில் செர்டாங் பாரு என்ற புதுக்கிராமமாக எழுந்த இந்த ஊரைச் சுற்றி ஈயச் சுரங்கங்கள் இருந்தன. இன்று மைன்ஸ் ஏரியாக நாம் பார்ப்பதும் ஒரு பழைய சுரங்கக் குழியே. சுரங்க வேலை நடந்த நிலத்தில் மணலும் களிச்சேறும் மாறிமாறிக் கிடக்கும், ஒரே சீராக அமுங்காது. அதனால் வரும் வெடிப்பை சீலர் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோடுகளுக்குள் நுரைக்கயிறு வைத்து, மேலே பாலியூரித்தேன் பசையால் நிரப்புங்கள். நிலம் அசைந்தால் அது இழுபட்டுக் கொடுக்கும், மழைநீரும் கீழே இறங்கி மண்ணை அரிக்காது.

இனி எந்த சீலர் என்ற கேள்வி. இதில்தான் எனக்கு அழுத்தமான கருத்து இருக்கிறது.

டின்களில் அச்சிட்ட விளக்கங்களும் இணையக் காணொளிகளும் பெரும்பாலும் குளிர் நாடுகளை மனத்தில் வைத்து உருவானவை. அங்கே தரைக்குள் புகுந்த நீர் உறைந்து விரிந்து கான்கிரீட்டைச் செதில் செதிலாக உடைக்கும். பனியைக் கரைக்கத் தூவும் உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். நமக்கு அந்தப் பகை இரண்டும் இல்லை. நம் போர்ச்சின் எதிரிகள் வேறு: மழைக்கால் படும் ஓரங்களில் பச்சையாகப் படரும் பாசி, சிவப்பு மண் கறை, மோட்டார் சைக்கிளிலிருந்து சொட்டும் எண்ணெய், வாசலில் சிந்தும் மஞ்சளும் குங்குமமும், ரங்கோலிச் சாயம். இவற்றை மனத்தில் வைத்தே வாங்க வேண்டும்.

கடையில் கிடைப்பவற்றை இரண்டு குடும்பமாகப் பிரிக்கலாம். அக்ரிலிக் வகை தரைமேல் பிளாஸ்டிக் படலமாக உட்காரும். நிறத்தை ஆழமாக்கும், பளபளக்கும், கறையைத் தரையில் படவிடாது. ஆனால் மழையில் வழுக்கும். நெடுஞ்சாலையில் ஓடிச் சூடேறிய டயர் அதன்மேல் நின்றால் படலம் இளகி டயரோடு உரிந்து வரும். வாசலில் சூடம் ஏற்றினால் அந்த இடம் கருகும். அடியிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் படலத்துக்குக் கீழே வெளுத்து நிற்கும். சிலேன், சிலாக்சேன் வகை அப்படியல்ல. நுண்துளைகளுக்குள் இறங்கிச் சுவர்களில் ஒட்டி நீரை விலக்கும், மேலே படலமே இருக்காது. தரை பார்ப்பதற்கு அப்படியே இருக்கும், கால் வழுக்காது, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறும். எண்ணெய்க் கறையை அது முழுதாகத் தடுக்காது, உடனே துடைக்க வேண்டும்.

வெறுங்காலோடு வாசலில் நடக்கும் பாட்டியும் மழையில் ஓடிவரும் பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு நான் உள்ளிறங்கும் வகையையே சொல்வேன். கூரைக்குக் கீழே மழையே படாத தரை, அலங்காரக் கான்கிரீட் என்றால் அக்ரிலிக் பொருந்தும். அப்போதும் இரண்டாம் பூச்சில் வழுக்கல் தடுக்கும் பொடியைக் கலந்தே பூசுங்கள்.

சுத்தம் செய்வதற்கு வாட்டர் ஜெட்டும் கெட்டி விளக்குமாறும் பெரும்பாலும் போதும். வெள்ளை உப்புப் படிவு தெரிந்தால் முதலில் உலர்ந்த தூரிகையால் தேய்த்தெடுங்கள். கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்பு ஈரத்தோடு மேலேறிக் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து படிவது அது. அதன்மேல் சீலர் பூசினால் நிரந்தரமாக உள்ளேயே தங்கிவிடும். இழுத்துத் தேய்த்து வழவழப்பாக்கிய தரை என்றால் மட்டும் அமிலக் கழுவல் தேவைப்படலாம். பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். தண்ணீரை முதலில் வாளியில் ஊற்றி அதில்தான் அமிலத்தைச் சேர்க்க வேண்டும், ஒருபோதும் மாற்றிச் செய்யக் கூடாது. ரப்பர் கையுறை, கண்ணாடி, பூட்ஸ் கட்டாயம். நுரைத்து அடங்கியதும் பேக்கிங் சோடா கரைத்த நீரால் அமிலத்தை முறித்துவிட்டுப் பலமுறை கழுவுங்கள். முறிக்காத அமிலம் லோங்காங் வழியாக ஆற்றுக்குத்தான் போகும். விளக்குமாற்று வரி போட்ட சொரசொரப்பான தரைக்கு இந்த வேலையே வேண்டாம்.

கழுவிய தரை மறுபடி உலர வேண்டும். உலர்ந்ததா என்பதைக் கண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள். ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு பக்கமும் டேப்பால் இறுக ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். உரிக்கும்போது தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ இன்னும் நாளாகவில்லை. கேட் ஓரம், நடு, வீட்டுச் சுவர் ஓரம் என மூன்று இடங்களில் ஒட்டிப் பாருங்கள். சுவர் ஓரம்தான் வழக்கமாகக் கடைசியில் உலரும். பக்கத்தில் ஒரு கை தண்ணீரைத் தெளித்தும் பார்க்கலாம். சில நிமிடங்களில் உறிஞ்சினால் சீலரும் உள்ளே போகும்.

பூசும் நேரம் நம் ஊரில் ஒரு சிக்கல். தரை சூடேறும்போது துளைகளிலுள்ள காற்று விரிந்து வெளியே தள்ளும், ஈரமான அக்ரிலிக் படலத்தில் அது குமிழாக நிற்கும். ஆகவே தரை குளிரத் தொடங்கும் மாலையில் பூசு என்பது பொது விதி. கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை என்பது மழை நேரம். கூரையுள்ள போர்ச்சுக்கு மாலை பரவாயில்லை. திறந்த முற்றத்துக்கு முந்தின நாளே மேலே தார்ப்பாய் கட்டி வெயிலை மறைத்துவிட்டு, காலை ஈரம் காய்ந்த ஒன்பது மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடியுங்கள். சுமத்ராவிலிருந்து விடியற்காலையில் அடித்து வரும் புயல்மழையும் உண்டு என்பதால், மெட்மலேசியா முன்னறிவிப்பை முந்தின இரவும் அன்று காலையும் பாருங்கள்.

அளவு: 20 அடிக்கு 20 அடி போர்ச் 400 சதுர அடி, ஏறக்குறைய 37 சதுர மீட்டர். சொரசொரப்பான புதுத் தரையில் லிட்டருக்கு 5 சதுர மீட்டர் என்று வைத்தால் ஒரு பூச்சுக்கு ஏழரை லிட்டர், இரண்டு பூச்சுக்கு 15. டின்னிலுள்ள கணக்கு வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கேட்டுக்கு வெளியே லோங்காங் மேலுள்ள பகுதி மாநகராண்மைக்குரிய இடம், அதை உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

உள்ளிறங்கும் வகையைச் செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்பால், வீட்டுச் சுவரிலிருந்து கேட்டை நோக்கித் தாராளமாகத் தெளியுங்கள். தேங்கிய இடங்களை உடனுக்குடன் விளக்குமாற்றால் பரப்புங்கள், குட்டையாகக் காய்ந்தால் கறுப்புத் திட்டு விழும். முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே இரண்டாவதையும் தெளிக்கலாம். கண்ணாடியையும் அலுமினியச் சட்டங்களையும் முன்பே மூடிவிடுங்கள். அக்ரிலிக் என்றால் ரோலரால் மெல்லியதாக ஒரு பூச்சு, டின் சொல்லும் நேரம் காய்ந்த பின் குறுக்கு வாக்கில் இன்னொரு மெல்லிய பூச்சு. தடிமனாக ஒரே பூச்சில் முடிக்க நினைப்பதுதான் குமிழுக்கும் வெளுப்புக்கும் முதல் காரணம். தின்னர் கலந்த வகையின் ஆவி தீப்பற்றும். அன்று வாசல் விளக்கும் ஊதுபத்தியும் வேண்டாம், சிகரெட் பிடிப்பவரை உள்ளே விடாதீர்கள். துணி முகக்கவசம் அந்த ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி உள்ள கவசம் தேவை.

நடப்பதற்கு ஒரு நாள், கார் நிறுத்துவதற்கு அக்ரிலிக் என்றால் மூன்று நாள் விடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் சீலர் வேலை செய்கிறது. உறிஞ்சிக் கறுத்தால் மறுபூச்சுக்கு நேரம். டயர் ஏறி இறங்கும் தடத்தில்தான் அது முதலில் தெரியும். கடைக்குப் போகும்போது கான்கிரீட் ஊற்றிய தேதியைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள், 28 நாள் ஆகவில்லை என்றால் டின்னை வாங்காமல் திரும்புங்கள்.