முதலில் வெளிச்சம், அப்புறம் அடி: வெடிப்பின் அறிவியல்

ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிப்போம். ஒரு கிலோ சர்க்கரை, ஒரு கிலோ டி.என்.டி. வெடிமருந்து. இந்த ரெண்டுல எதில் ஆற்றல் அதிகம்?

டி.என்.டி. என்று சொன்னீர்களா? தப்பு. ஒரு கிலோ டி.என்.டி. வெடித்தால் வெளிவரும் ஆற்றல் சுமார் 4.2 மெகாஜூல். ஒரு கிலோ சர்க்கரையை முழுசாக எரித்தால் சுமார் 16 மெகாஜூல். ஏறக்குறைய நாலு மடங்கு! அப்படின்னா சர்க்கரை டப்பாவைப் பார்த்து நாம் ஏன் பயப்படுவதில்லை?

விடை ஒரே சொல்லில் இருக்கிறது: நேரம்.

ஆற்றல் இல்லை, திறன்

சர்க்கரை எரிய ஆக்சிஜன் வேண்டும். அது காற்றிலிருந்து மெதுவாக வந்து சேர வேண்டும். அதனால் எரிந்து முடிய நிமிடக்கணக்கில் ஆகும். டி.என்.டி.க்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. அதன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கிறது. வினை தொடங்கினால் அது நொடிக்கு சுமார் 6,900 மீட்டர் வேகத்தில் அந்தப் பொருளுக்குள் ஓடும்.

ஒரு கிலோ கட்டி முழுக்க வினை முடிய 10 மைக்ரோ நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 4.2 மெகாஜூலை 10 மைக்ரோ நொடியால் வகுத்துப் பாருங்கள். 42,000 கோடி வாட், அதாவது 420 ஜிகாவாட். இந்தியாவில் உள்ள மின் நிலையங்களின் மொத்த நிறுவுதிறனோடு ஒப்பிடக்கூடிய எண் இது. அந்த ஒரு கணத்துக்கு மட்டும்!

இதுதான் வெடிப்பு. ஆற்றல் மிகக் குறுகிய நேரத்தில், மிகச் சிறிய இடத்தில் வெளிவருகிறது. அங்கே உருவான வாயுவுக்கு நிதானமாக விரிய நேரமில்லை. சுற்றி இருக்கும் காற்றை ஒரே தள்ளாகத் தள்ளுகிறது.

மூன்று வழிகள்

வெடிப்பு என்றதும் ரசாயனம்தான் நினைவுக்கு வரும். ஆனால் எதுவுமே எரியாமலும் வெடிப்பு நடக்கும்.

முதலாவது, இயற்பியல் வெடிப்பு. பாய்லர் இதற்கு நல்ல உதாரணம். அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். வீட்டு பிரஷர் குக்கரில்கூட சுமார் 120 டிகிரி வரை போகும். பாத்திரம் திடீரென்று பிளந்தால் அழுத்தம் போய்விடும். சூடான நீரில் ஒரு பகுதி அந்த நொடியே ஆவியாகும். நீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரியும். அந்த விரிவுதான் கூரையைப் பெயர்க்கிறது. குக்கரில் ஆவி அடங்காமல் மூடியைத் திறக்காதே என்று அம்மா சொல்வது சுத்தமான வெப்ப இயக்கவியல்.

இரண்டாவது, ரசாயன வெடிப்பு. பட்டாசு, கேஸ் கசிவு, மாவுத் தூசி, அம்மோனியம் நைட்ரேட் எல்லாம் இந்தக் கணக்கு.

மூன்றாவது, அணுக்கரு வெடிப்பு. இங்கே பிணைப்பு உடைவது மூலக்கூறில் இல்லை, அணுக்கருவில். அதனால் ஒரு கிலோவுக்கு வரும் ஆற்றல் லட்சக்கணக்கான மடங்கு அதிகம்.

ரசாயன வெடிப்பிலும் ரெண்டு ரகம் உண்டு. வினை, ஒலியின் வேகத்துக்குக் கீழே பரவினால் அது டிஃப்லக்ரேஷன், தமிழில் சொன்னால் வேக எரிவு. ஒலியைவிட வேகமாகப் பரவினால் டெட்டனேஷன், அதாவது முழு வெடிப்பு. சமையலறை கேஸ் பொதுவாக முதல் ரகம், டி.என்.டி. இரண்டாவது ரகம். முதல் ரகம் என்றால் ஆபத்து கம்மி என்று நினைக்க வேண்டாம். மூடிய அறைக்குள் நடக்கும் வேக எரிவே சுவரைச் சாய்த்துவிடும்.

அடிப்பது நெருப்பா, காற்றா?

சினிமாவில் வெடிப்பு என்றால் ஆரஞ்சு நிற நெருப்புப் பந்து. ஹீரோ திரும்பிப் பார்க்காமல் நடந்து வருவார். நிஜத்தில் அந்த ஹீரோவை முதலில் அடிப்பது நெருப்பு இல்லை, அதிர்ச்சி அலை. அது கண்ணுக்குத் தெரியாது. ஒலியைவிட வேகமாகப் புறப்படும். போகப் போக வலு குறைந்து, கடைசியில் வெறும் சத்தமாக மாறும்.

காற்றழுத்தம் சாதாரணமாக 101 கிலோபாஸ்கல். அதற்கு மேல் வெறும் 7 கிலோபாஸ்கல் திடீரென்று கூடினாலே ஜன்னல் கண்ணாடி நொறுங்கும். 7 கிலோபாஸ்கல் என்ன பெரிசா? ஒரு சதுர மீட்டர் கண்ணாடி மீது 7,000 நியூட்டன், அதாவது 700 கிலோ எடை ஒரே அடியாக விழுவது மாதிரி. சுமார் 35 கிலோபாஸ்கலில் காது ஜவ்வு கிழியத் தொடங்கும். இன்னும் மேலே போனால் நுரையீரல்.

மருத்துவர்கள் வெடிப்புக் காயங்களை நாலாகப் பிரிப்பார்கள். அழுத்தம் நேரடியாகக் காதையும் நுரையீரலையும் தாக்குவது. பறந்து வரும் துண்டுகள் குத்துவது. ஆளையே தூக்கி எறிவது. தீ, புகை, இடிபாடு. இதில் வெகு தூரம் வரை ஆளைத் தேடி வருவது இரண்டாவது வகை. அதிலும் குறிப்பாகக் கண்ணாடி.

இன்னொரு முக்கியமான விதி. வெடிபொருளின் அளவு எட்டு மடங்கானால், சேதம் பரவும் தூரம் எட்டு மடங்காகாது, இரண்டு மடங்குதான் ஆகும். கனமூல விதி. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இதைத் திருப்பிப் போட்டால் பயமாக இருக்கும்: சரக்கை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தாலும் ஆபத்தான தூரம் பாதிதான் குறையும்.

ஒரு போட்டோவில் இருந்து ஒரு ரகசியம்

இது நம்ம டைமென்ஷனல் அனாலிசிஸ் வகுப்பை வெறுப்பவர்களுக்காக. 1945 ஜூலை 16 அன்று அமெரிக்கா முதல் அணுகுண்டைச் சோதித்தது. அதன் வலிமை ரகசியம். ஆனால் நேரமும் அளவுகோலும் குறித்த போட்டோக்கள் பின்னால் வெளியாயின. பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர், அந்தப் போட்டோக்களை வைத்தே வலிமையைக் கணக்கிட்டு 1950-இல் வெளியிட்டார்.

முறை எளிது. பந்தின் ஆரத்தை ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தி, காற்றின் அடர்த்தியால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஆற்றலின் அலகு வந்துவிடும். 0.025 நொடியில் ஆரம் சுமார் 140 மீட்டர். அடர்த்தி 1.2. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்: சுமார் 100 டெராஜூல், அதாவது 25 கிலோடன் டி.என்.டி. உண்மை மதிப்பும் 20-ஐ ஒட்டித்தான். அலகு சரிபார்ப்பதெல்லாம் ரெண்டு மார்க் கேள்விக்கு மட்டும்தான் என்று இனி சொல்ல மாட்டீர்கள்தானே?

இயற்கையின் வெடிகள்

மனிதன் செய்ததெல்லாம் இயற்கைக்கு முன்னால் சின்ன விஷயம். 1883 ஆகஸ்ட் 27 அன்று இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தது. சத்தம் சுமார் 4,800 கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலில் உள்ள ரோட்ரிகஸ் தீவில் கேட்டது. அது அங்கே போய்ச் சேர சுமார் நாலு மணி நேரம் ஆனது. அழுத்த அலை பூமியைப் பல முறை சுற்றி வந்ததை உலகெங்கும் இருந்த காற்றழுத்தமானிகள் பதிவு செய்தன. 36,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பால் எழுந்த சுனாமி.

எரிமலை ஏன் வெடிக்கிறது? கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோலியை அழுத்தியதும் கரைந்திருந்த வாயு பொங்குகிறது இல்லையா? பாறைக்குழம்பிலும் நீராவியும் மற்ற வாயுக்களும் அழுத்தத்தால் கரைந்திருக்கின்றன. மேலே வர வர அழுத்தம் குறைகிறது, குமிழ்கள் பிறக்கின்றன. குழம்பு கெட்டியாக இருந்தால் குமிழ் வெளியேற முடியாது. அப்புறம் மலையே மூடியாகத் தெறிக்கும்.

வானத்திலிருந்தும் வெடிப்பு வரும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே, சுமார் 20 மீட்டர் அகலமுள்ள விண்கல் நொடிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, தரையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் சிதறியது. சூரியனை மிஞ்சிய வெளிச்சம். என்னவென்று பார்க்க ஜனங்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். வானம் அமைதியாக இருந்தது. ரெண்டு நிமிடத்துக்கு மேல் கழித்து அதிர்ச்சி அலை வந்தது. சுமார் 1,500 பேர் காயம்பட்டார்கள். பெரும்பாலும் கண்ணாடிக் காயம். அங்கே ஒரு பள்ளி ஆசிரியை மட்டும், வெளிச்சத்தைப் பார்த்ததும் 44 குழந்தைகளையும் மேஜைக்கு அடியில் போகச் சொன்னார். ஒரு குழந்தைக்கும் கீறல் இல்லை. நின்றுகொண்டிருந்த அவருக்குத்தான் கண்ணாடி குத்தியது.

வேடிக்கை பார்த்தவர்கள்

இதே கதை வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிறது.

1917 டிசம்பர் 6, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகம். வெடிமருந்து ஏற்றிய மான்ட் பிளாங்க் என்ற கப்பல் மோதலில் தீப்பிடித்து, சுமார் 20 நிமிடம் எரிந்தது. ஊர் மக்கள் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெடித்தது. சுமார் 1,800 பேர் மரணம், 9,000 பேர் காயம். கண்ணாடிச் சில்லுகளால் பார்வை இழந்தவர்கள் ஏராளம்.

1944 ஏப்ரல் 14, பம்பாய். ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பலில் பஞ்சுப் பொதிகளும் சுமார் 1,400 டன் வெடிபொருளும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. பஞ்சில் புகை. மணிக்கணக்கில் அணைக்கப் போராடினார்கள். மாலை நாலு மணி சுமாருக்கு வெடித்தது. நூற்றுக்கணக்கில் இறந்தார்கள், அவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். வருஷா வருஷம் ஏப்ரல் 14 தீயணைப்புச் சேவை நாளாகக் கடைப்பிடிக்கப்படுவது அவர்கள் நினைவாகத்தான்.

1947 ஏப்ரல் 16, அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி. அம்மோனியம் நைட்ரேட் உரம் ஏற்றிய கப்பலில் தீ. ஆரஞ்சு நிறப் புகையை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கரைக்கே வந்தது. இறந்தவர்கள் 580-க்கும் மேல்.

2020 ஆகஸ்ட் 4, பெய்ரூட். துறைமுகக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட். முதலில் தீ, புகை. மக்கள் பால்கனியில் நின்று செல்போனில் படம் பிடித்தார்கள். நாம் பார்த்த வீடியோக்கள் எல்லாம் அப்படி எடுக்கப்பட்டவைதான். 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், 6,000-க்கும் மேற்பட்டோர் காயம், சுமார் 3 லட்சம் பேர் வீடிழந்தார்கள்.

பெய்ரூட்டுக்குப் பிறகுதான் சென்னையும் திடுக்கிட்டு விழித்தது. மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில், 2015-இல் பறிமுதல் செய்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் அப்படியே இருந்தது. சில நாட்களில் அது ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. பெய்ரூட்டில் இருந்ததில் கால் பங்குதானே என்று அப்போது பலர் சமாதானம் சொன்னார்கள். மேலே சொன்ன கனமூல விதியைப் போட்டுப் பாருங்கள். கால் பங்கு சரக்கு அதே மாதிரி வெடித்திருந்தால் சேதத் தூரம் கால் பங்கு இல்லை, 63 சதவீதம்!

வீடும் வொர்க்‌ஷாப்பும்

நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஆபத்து சமையல் கேஸ். திரவ எல்.பி.ஜி. வாயுவாகும்போது சுமார் 250 மடங்கு விரியும். காற்றைவிடக் கனம், அதனால் தரையோடு தவழ்ந்து மூலையில் தேங்கும். காற்றில் சுமார் 2 முதல் 9 சதவீதம் இருந்தால் பற்றும். சுவிட்சில் வரும் சின்னப் பொறி போதும்.

கேஸுக்கு இயல்பில் வாசனை கிடையாது. அந்தக் கெட்ட நாற்றம் வேண்டுமென்றே சேர்த்தது. இதற்குப் பின்னால் ஒரு சோகம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் பள்ளியில் மணமில்லாத இயற்கை வாயு கட்டடத்துக்கு அடியில் சேர்ந்திருந்தது. தொழிற்கூட ஆசிரியர் ஒரு மின் சாண்டரை இயக்கினார். ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகே மணம் சேர்ப்பது சட்டமானது.

தூசியையும் மறக்க வேண்டாம். 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இம்பீரியல் சுகர் ஆலையில் 14 பேரைக் கொன்றது நம்ம சர்க்கரைதான். கட்டியாக இருந்தால் மெதுவாக எரியும். தூளாகிக் காற்றில் மிதந்தால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஆக்சிஜன். முதல் வெடிப்பு, தரையிலும் உத்தரத்திலும் படிந்திருந்த தூசியைக் கிளப்பியது. அது அடுத்தடுத்து வெடித்தது. மாவு மில், மரப்பொடி, நிலக்கரித் தூள் எல்லாவற்றுக்கும் இதே விதி. நாளைக்குப் பிளான்ட்டில் வேலைக்குப் போகும்போது, தூசியைப் பெருக்கச் சொல்லும் சூப்பர்வைசரைக் கிண்டல் செய்யாதீர்கள்.

மனசில் வைக்க வேண்டியவை

- வானத்திலோ தூரத்திலோ பெரிய வெளிச்சம் தெரிந்தால் ஜன்னலுக்குப் போகாதீர்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர சுமார் 3 நொடி ஆகும். அந்த நொடிகள் உங்களுக்குக் கிடைத்த அவகாசம். கண்ணாடியை விட்டு விலகி, மேஜைக்கு அடியிலோ உள் சுவர் ஓரத்திலோ குனியுங்கள்.
- ரசாயனக் கிடங்கிலோ பட்டாசு ஆலையிலோ தீ என்றால் கிட்டே போய் வீடியோ எடுக்காதீர்கள். முதல் வெடிப்போடு முடிந்துவிட்டது என்றும் நம்பாதீர்கள்.
- கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குப் போன் பண்ணுங்கள். தீ என்றால் 101 அல்லது 112.

செல்யாபின்ஸ்கில் அந்த ஆசிரியைக்கு அது விண்கல் என்று தெரியாது. வெளிச்சம் வந்தால் பின்னாலேயே அடி வரலாம் என்பது மட்டும் தெரிந்திருந்தது. 44 குழந்தைகளுக்கு அது போதுமாக இருந்தது.