பூட்டிய வீடு ஏன் பாழாகிறது?

ஆள் குடியிருக்கும் பழைய வீடு தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. பூட்டிப்போட்ட வீடோ சில ஆண்டுகளிலேயே இடிந்து விழுகிறது. இதை உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். வீட்டில் ஆள் நடமாடினால் தரை தேயும், கதவு தேயும், சுவர் அழுக்காகும். பூட்டிய வீட்டில் இந்தத் தேய்மானம் இல்லை. அப்படியானால் அதுவல்லவா நெடுநாள் நிற்க வேண்டும்? ஏன் அப்படி நடப்பதில்லை? விடை தேடி நாஞ்சில் நாட்டுக்குப் போவோம்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம் வட்டாரமே நாஞ்சில் நாடு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என இரண்டு மழையும் இம்மாவட்டத்துக்கு உண்டு. குளிர்நாடுகளில் குளிர்காலம் என்றால் வீட்டார் உறைபனியோடு போராடுவார்கள். இங்கே அவர்கள் போராடுவது ஈரத்தோடுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த வீட்டை மார்கழி, தை மாதங்களில் உலர்த்திச் சீராக்க வேண்டும்.

இங்குள்ள பழைய வீடுகளின் சுவரில் சுண்ணாம்புக் காரை பூசியிருக்கும். கூரையில் தேக்கு, பலா, பனை ஆகியவற்றின் மரம் இருக்கும். மேலே ஓடு வேய்ந்திருக்கும். இவற்றை அழிக்கும் எதிரிகள் மூவர்.

முதல் எதிரி ஒழுக்கு. காற்றில் ஓர் ஓடு நகர்ந்தால் போதும். மழைநீர் மரத்தில் சொட்டும். மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை, மரத்தை உளுத்துப்போகச் செய்யும் பூஞ்சைகள் வளர முடியாது. அதற்கு மேல் போய் அங்கேயே நீடித்தால் அவை வேர்விடும். குடும்பம் வாழும் வீட்டில் இரவு சொட்டினால் அம்மா ஒரு பாத்திரத்தை வைப்பார். மழை விட்டதும் அப்பா ஏணி வைத்து ஓட்டை மாற்றுவார். பூட்டிய வீட்டிலோ அதே துளி, அதே மரத்தில், மூன்று மாதம் சொட்டும். பார்ப்பதற்கு ஆளில்லை!

இரண்டாவது எதிரி கறையான். குமரி மாவட்டத்தார் இதைச் சிதல் என்பர். மரத்திலுள்ள செல்லுலோசை நம்மால் செரிக்க முடியாது. கறையான்களோ தம் குடலில் வாழும் நுண்ணுயிர்களின் துணையாலும், சில இனங்கள் தாம் வளர்க்கும் பூஞ்சையின் துணையாலும் அதை உணவாக்கிக்கொள்கின்றன. அவற்றின் உடல் எளிதில் உலர்ந்துவிடும். எனவேதான் மண்ணால் குழாய் கட்டி, இருட்டிலும் ஈரத்திலும் நடமாடுகின்றன. காலையில் வீடு பெருக்கும் பாட்டியின் கண்ணில் அந்த மண்கோடு பட்டுவிடும். உடனே தட்டிவிடுவார்; எங்கிருந்து வருகிறது என்றும் தேடுவார்.

மூன்றாவது எதிரி சுவரில் ஏறும் ஈரம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, சுவரின் நுண்துளைகள் வழியே நிலத்து நீர் மேலே ஏறுகிறது. இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். நீரில் கரைந்த உப்பும் கூடவே ஏறும். நீர் ஆவியானதும் உப்பு படிகமாகி, காரையைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். கதவையும் சன்னலையும் அன்றாடம் திறந்தால் காற்று ஓடும், ஈரம் வெளியேறும். பூட்டிய அறையில் ஈரக்காற்று தேங்கி நிற்கும்.

இனிப் பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பதைப் பார்ப்போம். கடற்சிப்பியும் சுண்ணாம்புக்கல்லும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே. அதில் 100 கிராம் எடுத்துச் சூளையில் முற்றிலும் சுட்டால், 44 கிராம் கரியமில வாயு வெளியேறி, 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அது 18 கிராம் நீரோடு சேர்ந்து 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பாகும். இதைச் சுவரில் அடித்தால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று, நீரை வெளியேற்றி, மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகவே இறுகிவிடும். அதாவது, ஆண்டுதோறும் சுவருக்கு ஒரு மெல்லிய கல்தோலைப் போர்த்துகிறோம். புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சணம் வளராது. அந்தத் தோலில் நுண்துளைகள் இருப்பதால் உள்ளீரமும் வெளியேறும். (சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. எட்டியே நில்லுங்கள்.)

இன்று பலர், உதிரும் பழைய சுவரில் சிமெண்டைப் பூசிவிடுகிறார்கள். சிமெண்டுப் பூச்சு அடர்த்தியானது. அது ஈரத்தை எளிதில் வெளியே விடாது. தடைபட்ட நீர் சுவரில் இன்னும் உயரமாக ஏறும். பூச்சுக்குப் பின்னே உப்புப் படிகம் வளர்ந்து, ஒருநாள் காரையோடு பெயர்ந்து விழும். உறுதியான பொருளே என்றாலும், அந்தச் சுவருக்கு அது பொருந்தவில்லை.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு செங்கல் துண்டுகளை ஓரிரவு நீரில் ஊறவையுங்கள். ஒன்றைப் பாலிதீன் தாளால் இறுகச் சுற்றுங்கள். மற்றதை அப்படியே விடுங்கள். இரண்டையும் நிழலில் வைத்து மூன்று நாள் கழித்து எடைபோடுங்கள். எது இன்னும் கனமாக இருக்கிறது? ஏன்?

தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை, பெரும்பகுதி மரத்தால் ஆனது. திருவிதாங்கூரின் தலைநகர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. எனினும் அரண்மனையை இன்றும் கேரள அரசின் தொல்லியல் துறையே பராமரித்து வருகிறது. இரண்டு பருவமழைகளுக்கும் நடுவே அந்த மரவேலைகள் இன்றும் நிற்கின்றன. அரச குடும்பம் அங்கே வாழவில்லை. ஆனால் அன்றாடம் திறக்கவும், பெருக்கவும், பார்க்கவும் ஆள் இருக்கிறது.

ஆக, மனிதர் வாழ்வதால் வீடு தேய்வது சிறிது. அவர்கள் கவனிப்பதால் பிழைப்பது பெரிது. உங்கள் ஊரிலோ உறவிலோ பூட்டிய பழைய வீடு ஒன்று இருக்கக்கூடும். இந்த அரையாண்டு விடுமுறையில் பெரியவர்களோடு போய் அதன் சன்னல்களைத் திறந்துவையுங்கள். அண்ணாந்து கூரையைப் பாருங்கள். எங்கே வெளிச்சம் தெரிகிறதோ, அங்கேதான் அடுத்த மழை நுழையும்!